பழக்கமும் பயனும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

இன்று பேசுவதற்குப் பொருளொன்றைத் தெரிந்துகொள்ளுமாறு செயலாளர் அவர்கள் பணித்தபோது பெரிய பொருள்கள் பல எமது நினைவில் எழுந்தன. ஆயினும், பல்கலைக் கழகத்திற் கற்கும் மாணாக்கராகிய நாம், கற்றதைக் கொண்டு எம்மை நாமே திருத்திக்கொள்ள முயன்ற கதை ஒன்றுண்டு. அதனையே கூறத் துணிந்தோம். பெரியோர் முன்னிலையில் எமது தோல்விகளைச் சொல்லுவது சற்று நாணந் தருவதே. எனினும் வெற்றியை மாத்திரம் கூறும் பேச்சினாற் பயன் பெறுவோர் சிலரே அன்றோ?

தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பர். அதனைக் கேட்டு அஞ்சி வளர்ந்த நாம், ஆண்டுதோறும் தைப்பொங்கலன்று புதிய தீர்மானங்கள் செய்கிறோம். தை மாதம் முடியுமுன் தீர்மானம் முடிந்துவிடுகிறது. விடுதியில் ஓர் அறையில் வசித்த நாம் மூவரும் இவ்வாறே இருந்தோம். எமக்குப் பொதுவான பழக்கங்கள் இரண்டு. வைகறையில் எழமாட்டோம், புத்தகத்தை விரித்தால் எமது கை தானாகவே கைத்தொலைபேசியை நாடும். எம்மில் ஒருவர் முதலாம் ஆண்டுப் பரீட்சையில் இரண்டு பாடங்களில் தவறினார். அதன்பின் அவருக்கு மூன்றாவது பழக்கம் ஒன்றும் சேர்ந்தது. வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்கமாட்டார். எடுத்தாலும் எரிந்து விழுவார். அவர் யாரென்று கேளாதீர்கள். இங்கு நின்று பேசுபவராகவும் இருக்கலாம்.

பரீட்சைப் பெறுபேறு வந்த இரவில் நாம் மூவரும் கூடி, "எமக்கு மன உறுதி இல்லை" என்று எம்மீது நாமே தீர்ப்புக் கூறிக்கொண்டோம். அத்தீர்ப்புத் தவறானது என்பதே இன்று நாம் கூறவந்த செய்தி.

அமெரிக்க நாட்டில் எட்வட் தோண்டைக் என்னும் இளைஞர் கொலம்பியாப் பல்கலைக் கழகத்திற் பட்டத்திற்காக ஆய்வு செய்தார். ஆண்டு 1898. பசித்த பூனையை மரச்சட்டப் பெட்டியொன்றில் அடைத்து, வெளியே உணவை வைத்தார். உள்ளே உள்ள கயிற்றை இழுத்தாலோ கட்டையை அழுத்தினாலோ கதவு திறக்கும். முதன் முறை பூனை கீறும், கடிக்கும், சட்டங்களிடையே நுழையப் பார்க்கும். இவ்வாறு அல்லற்படுகையில் தற்செயலாகக் கயிறு இழுபடக் கதவு திறந்துவிடும். மீண்டும் மீண்டும் அடைத்தபோது பயனற்ற செயல்கள் சிறிது சிறிதாகக் கழிந்தன. ஈற்றிற் பூனை உள்ளே போனதும் கயிற்றை இழுத்து வெளியே வந்தது. பூனை சிந்தித்துத் தெளிந்ததன்று. திருப்தியான விளைவைத் தந்த செயல் நிலைத்தது, மற்றையவை மறைந்தன என்று தோண்டைக் கூறினார். இதனை விளைவு விதி என்பர்.

இவ்வழியிற் பின் வந்தவர் ஸ்கின்னர். 1904 ஆம் ஆண்டு பிறந்து 1990 ஆம் ஆண்டு மறைந்த இவர், நெம்புகோல் பொருத்திய பெட்டியில் எலியை வைத்து ஆராய்ந்தார். எலி நெம்புகோலை அழுத்தினால் உணவு உருண்டை விழும். 1938 ஆம் ஆண்டு வெளியான தமது நூலில் இவர் இவ்வாய்வுகளை விரித்துரைத்தார். உயிர் தானாகச் செய்யும் செயலொன்று, அதனைத் தொடர்ந்து வரும் விளைவினால் வலுப்பெறுவதையோ வலுவிழப்பதையோ தொழிற்பாட்டு நிபந்தனைப்படுத்தல் என்பர். செயலை வலுப்படுத்தும் விளைவை வழங்குதல் வலுவூட்டல் எனப்படும். பெயர் நீண்டதாயினும் பொருள் எளியது. ஒரு செயல் மீண்டும் நிகழுமா என்பதை அதன் பின்னால் வருவது தீர்மானிக்கின்றது.

பின்னால் வருவது உடனே வரவேண்டும் என்பதும் இங்கு முக்கியமானது. எலிக்கு உணவு சிறிது நேரம் தாமதித்து விழுந்தாலும் கற்றல் மந்தமாகின்றது. இதனை அறிந்தபின் எமது நிலைமையை நோக்கினோம். புத்தகத்தைப் படிப்பதன் பயன் எப்போது வரும்? பரீட்சை முடிந்து, பெறுபேறு வெளியாகும் நாளில் வரும். கைத்தொலைபேசியைத் தொடுவதன் பயன் எப்போது வரும்? தொட்ட கணத்திலேயே வரும். வைகறையில் எழுவதன் நன்மை ஆண்டுக்கணக்கிற் சேரும். போர்வைக்குள் மீண்டும் புகுவதன் இன்பம் அக்கணமே கிடைக்கும். தீய பழக்கம் ரொக்கம் கொடுக்கிறது; நல்ல பழக்கம் கடன் சொல்லுகிறது. இருவரிடையே வியாபாரம் எவ்வாறு நடக்குமென்று சொல்லவும் வேண்டுமோ? ஆதலின் எமக்கு இல்லாதது மன உறுதியன்று. நல்ல செயலுக்கு அக்கணமே கிடைக்கும் கூலிதான் இல்லை.

இதனை விளங்கிக்கொள்ளுமுன் நாம் செய்த தவற்றையும் கூறவேண்டும். மிஷன் பாடசாலையிற் பயின்ற எமக்கு ஒழுங்கு என்றவுடன் மணியும் பிரம்புமே நினைவுக்கு வரும். அடியாத மாடு படியாது என்று வீட்டிலும் கேட்டிருக்கிறோம். ஆகவே எம்மை நாமே தண்டிக்க எண்ணினோம். படிக்கும் வேளையிற் கைத்தொலைபேசியைத் தொட்டவர் ஒரு தகரப் பேணியில் நூறு ரூபா போடவேண்டும் என்று விதித்தோம். முதல் வாரத்திற் பேணி நிறைந்தது. இரண்டாம் வாரத்தில் நன்றாகக் குறைந்தது. திருந்திவிட்டோம் என்று மகிழ்ந்தோம். உண்மையில் நடந்தது யாதெனின், ஒருவர் குளியலறைக்குப் போய்ப் பார்த்தார். ஒருவர் போர்வைக்குள் வைத்துப் பார்த்தார். பேணி எமக்குக் கற்பித்தது படிப்பையன்று, ஒளிப்பையே.

ஸ்கின்னரின் எலிகளும் இதனையே காட்டியிருந்தன. நெம்புகோலை அழுத்தப் பழகிய எலிகளுக்கு உணவை நிறுத்திவிட்டார். அவற்றுட் சிலவற்றிற்கு, அழுத்தும்போது நெம்புகோலே பாதத்தில் அடிக்குமாறு தொடக்கத்திற் சிறிது நேரம் செய்தார். அடிபட்டவை உடனே அடங்கின. ஆனால் அடி நின்றபின் அவை மீண்டும் அழுத்தத் தொடங்கின. இரண்டாம் நாள் முடிவில் அடிபடாத எலிகள் அழுத்திய அளவையே எட்டிவிட்டன. 1944 ஆம் ஆண்டு எஸ்தெஸ் என்பவர் வெளியிட்ட ஆய்வும் பெரும்பாலும் இவ்வாறே கண்டது. பிற்கால ஆய்வாளர் கடுந் தண்டனை செயலை நெடுநாள் அடக்கவல்லது என்றும் காட்டினர். எனினும் தண்டனை, செய்யாதே என்று சொல்லுகிறதேயன்றி, எதனைச் செய் என்று சொல்லுவதில்லை. அச்சத்தையும் ஒளிப்பையும் அது கூடவே அழைத்து வருகிறது.

பேணியை மூடி வைத்துவிட்டு வேறு வழி தேடினோம். மூன்று பாடங்கள் எமக்குக் கைகொடுத்தன.

முதலாவது, சிறிதினும் சிறிதாகத் தொடங்குதல். இரண்டாம் உலக யுத்த காலத்தில், 1943 ஆம் ஆண்டு, ஸ்கின்னரும் அவருடைய துணைவர்களும் மினியாப்பொலிஸ் நகரில் ஒரு மா ஆலையின் மேல்மாடியிற் புறாக்களைப் பழக்கிக்கொண்டிருந்தனர். அலகினாற் பந்தை அடித்து உருட்ட ஒரு புறாவுக்குக் கற்பிக்க விரும்பினர். அது அடிக்கும், உடனே உணவு கொடுப்போம் என்று காத்திருந்தனர். அது அடிக்கவே இல்லை. பின்னர், அது பந்தைப் பார்த்தாலே உணவு, அலகு சற்று அணுகினால் உணவு என்று படிப்படியாகக் கொடுத்தனர். சில நிமிடங்களிற் புறா பந்தை அடித்து விளையாடத் தொடங்கிவிட்டது. முழுச் செயலுக்காகக் காத்திருப்பவர் என்றும் காத்திருப்பார். அதன் முதற் சாயலுக்கே கூலி கொடுப்பவர் முழுச் செயலையும் காண்பார்.

இரண்டாவது, இடத்தைச் சீர்செய்தல். கோல்டயமண்ட் என்னும் உளவியலார் 1965 ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில் ஒரு மாணவியைப் பற்றிக் கூறுகிறார். மேசையில் இருந்தவுடன் அவருக்குத் தூக்கம் வரும். மங்கிய விளக்கை மாற்றச் செய்தார். கட்டில் கண்ணிற் படாதவாறு மேசையைத் திருப்பச் செய்தார். அம்மேசையிற் படிப்பைத் தவிர வேறெதுவும் செய்யலாகாது. கடிதம் எழுதவோ பகற்கனவு காணவோ விரும்பினால் எழுந்து வேறிடம் போய்ச் செய்யலாம். முதல் வாரம் அவர் மேசையில் இருந்தது பத்தே நிமிடம். ஆனால் அப்பத்து நிமிடமும் படித்தார். நாளடைவில் அது நாளொன்றுக்கு மூன்று மணித்தியாலமாக வளர்ந்தது. இவ்வுண்மை எமது அன்னையர்க்குப் புதியதன்று. வெள்ளிக்கிழமைகளில் எமது வீடுகளில் மச்சம் சமைப்பதில்லை. அன்று எவரும் மன உறுதியால் மீன் குழம்பை வெல்ல வேண்டியதில்லை. அந்தச் சட்டி அடுப்பில் ஏறுவதேயில்லை.

மூன்றாவது, எண்ணிப் பதிதல். ஸ்கின்னர் தாமும் நாள்தோறும் அதிகாலையில் ஒரே மேசையில் அமர்ந்து எழுதுவார். மேசை விளக்கை ஏற்றினால் ஒரு மணிக்கூடும் ஓடத் தொடங்கும். எழுதிய மணித்தியாலங்களை வரைபில் ஏற்றி வந்தார். எலியை அளந்த கோலினால் தம்மையும் அளந்தார்.

இவற்றைக் கொண்டு நாம் செய்தது இதுவே. ஒரு கதிரையைப் படிப்புக் கதிரை என்று ஒதுக்கினோம். அதிலிருந்து பத்து நிமிடம் படித்தவர் எழுந்து சுவரில் ஒட்டிய தாளில் ஒரு கோடு இடுவார். முதலில் அதன்பின் ஐந்து நிமிடம் கைத்தொலைபேசி பார்க்கலாம் என்று வைத்தோம். ஐந்து நிமிடம் ஐம்பது நிமிடமாயிற்று. ஆகவே அதனைப் பக்கத்து அறை நண்பரிடம் ஒப்படைத்தோம். இரவு பத்துக் கோடுகள் சேர்ந்தபின்னரே அவர் திருப்பித் தருவார். கோடு என்பது வெறும் மைதானே என்று எண்ணவேண்டா. ஏழு கோடு இட்டவர் எட்டாவதற்காக மீண்டும் கதிரைக்கு ஓடியதைக் கண்டோம். மூன்றாம் வாரத்திற் பத்து நிமிடத்தை இருபதாக்கினோம், பின்னர் நாற்பதாக்கினோம்.

வைகறை எழுதலுக்கு ஒரு பனங்கட்டி போதுமாயிற்று. ஐந்தரை மணிக்கு எழுந்து முகங் கழுவி வந்தவருக்கே இஞ்சித் தேநீரும் கடிக்கப் பனங்கட்டியும் உண்டு. பிந்தி வந்தவரை எவரும் ஏசுவதில்லை. தேநீர் மாத்திரம் முடிந்திருக்கும். ஒருவர் இன்றுவரை வாரத்தில் இரண்டு நாள் பிந்துகிறார் என்பதையும் மறைக்காது கூறுகிறோம்.

பழக்கத்தை விடுவோர் இங்கு ஓர் இடர்ப்பாட்டை அறிந்து வைத்திருத்தல் வேண்டும். ஸ்கின்னர் ஒரு சனிக்கிழமை பிற்பகல் எலிகளுக்கான உணவு உருண்டைகளை எண்ணிப் பார்த்தார். அவற்றை அவரே கையாற் செய்துவந்தார். திங்கட்கிழமைக்குள் அவை தீர்ந்துவிடும் எனக் கண்டு, ஒவ்வோர் அழுத்தத்திற்கும் கொடாது நிமிடத்திற்கு ஒன்றாகக் கொடுத்துப் பார்த்தார். எலிகள் அழுத்துவதைக் கைவிடவில்லை. அங்கிருந்து வளர்ந்த ஆராய்ச்சி, ஃபெஸ்டர் என்பவருடன் சேர்ந்து எழுதிய பெருநூலாக 1957 இல் வெளிவந்தது. எப்போது கிடைக்கும் என்று தெரியாதபடி இடையிடையே கூலி கிடைக்கும் செயல் மிக உறுதியாக வேரூன்றும் என்பது அதன் முக்கிய உண்மைகளில் ஒன்று. சூதாட்ட இயந்திரத்தின் முன் மனிதன் எழாமல் இருப்பது இதனாலேயே. கைத்தொலைபேசியில் எந்த வேளை எந்தச் செய்தி வருமென்று தெரியாமையே எம்மை அதன்பாற் கட்டிவைக்கிறது. ஆதலின், "இன்றைக்கு மாத்திரம்" என்று இடையிடையே இணங்குபவர் பழக்கத்தைத் தளர்த்துகிறார் அல்லர். அதற்கு விடாமுயற்சியைக் கற்பிக்கிறார். கூலி நின்ற செயல் ஓயுமுன் ஒரு முறை பொங்குவதும் உண்டு. அப்பொங்குதலைக் கண்டு அஞ்சி இணங்கிவிடலாகாது.

எத்தனை நாளிற் பழக்கம் படியும் என்று கேட்பீர்கள். இலண்டன் பல்கலைக் கழகக் கல்லூரியில் 96 பேரைக் கொண்டு நடத்தி 2010 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், புதிய பழக்கம் தானாக நிகழும் நிலையை அடைய நடுத்தரமாக 66 நாள்கள் சென்றன; சிலர்க்கு 18 நாள்கள்; சிலர்க்கு 254 நாள்கள் ஆகலாம் என மதிப்பிட்டனர். ஒரு நாள் தவறியதனால் முன்னேற்றம் கெடவில்லை என்றும் கண்டனர். புதிய நற்செயலை ஒரு நாள் தவறவிடுதல் வேறு. பழைய பழக்கத்திற்கு இடையிடையே கூலி கொடுத்தல் வேறு. முன்னதற்காக மனமுடைதல் வேண்டா.

இனி, பெரியோர்கள் மனத்தில் எழக்கூடிய ஐயம் ஒன்று. நன்மை செய்வதற்குக் கூலி கொடுத்தல் கைக்கூலி அன்றோ? மனிதன் புறாவா? என்பதே அது. கைக்கூலி, செய்யத்தகாத ஒன்றைச் செய்விப்பதற்குப் பிறர் கொடுப்பது. இங்கோ, செய்யத்தக்கது எது என்பதை நாமே தெரிந்து, அதற்கு எம்மை நாமே பழக்குகிறோம். புறாவுக்கு இலக்கை வகுத்தவர் வேறொருவர். எமது இலக்கை வகுப்பவர் நாம். குழந்தை நடை பழகும்போது நடைவண்டி கொடுக்கிறோம். நடை பழகியபின் வண்டியை வேண்டுவாரில்லை. பனங்கட்டியும் அவ்வாறே. இம்முறை எல்லா நோய்க்கும் மருந்து என்றும் நாம் கூறவில்லை. குடிப்பழக்கத்தில் ஆழ்ந்தவர்க்கும் மனச்சோர்விற் கிடப்பவர்க்கும் சுவரில் இட்ட கோடுகள் போதா. அவர்களை வைத்தியரிடம் அழைத்துச் செல்லுதலே கடன்.

வீட்டு அழைப்பை எடாத நண்பரின் கதையை ஈற்றில் வைத்தோம். பெறுபேறு வந்த நாள்முதல் அவருடைய தந்தையார் அழைத்தவுடன் கேட்பது ஒன்றே: "இந்த முறையாவது பாஸ் பண்ணுவியோ?" கேட்பதும் அன்பினால்தான். ஆனால் அழைப்பை எடுத்தவுடன் ஓர் அடி விழுகிறது. சில மாதத்தில் மகன் அழைப்பை எடாமற் பழகினார். எடாதபடியால் தந்தையார் மேலும் கலங்கி மேலும் கடுமையாகக் கேட்டார். ஒருவர்மீது ஒருவர் அன்புடைய இருவர், ஒருவரையொருவர் மௌனத்திற்குப் பழக்கிக்கொண்டிருந்தனர். இருவரும் தீயவரல்லர். நெம்புகோல் தவறான இடத்திற் பொருத்தப்பட்டிருந்தது, அவ்வளவே.

ஒருநாள் நண்பர் தாமே முதலில் அழைத்தார். கேள்வி வருமுன், "ஐயா, இண்டைக்குப் பன்னிரண்டு கோடு" என்றார். கோடு என்றால் என்னவென்று தந்தையார் கேட்டார். கதிரையும் தாளும் பனங்கட்டியும் விளக்கப்பட்டன. மறுமுனையிற் சிரிப்புக் கேட்டது. மறுநாளும் நண்பர் அழைத்தார். இரண்டு வாரம் சென்றபின் தந்தையாரின் முதற் கேள்வி மாறிவிட்டது: "சாப்பிட்டியோ தம்பி?" அதன்பின் தான், "எத்தினை கோடு?" என்று கேட்பார். மகன் தந்தையைப் பழக்கினாரா, தந்தை மகனைப் பழக்கினாரா என்று ஆராய நாம் விரும்பவில்லை. அவ்விரு பாடங்களையும் நண்பர் மீண்டும் எழுதினார். ஒன்றில் தேறினார். மற்றையதை இன்னும் ஒரு முறை எழுதவேண்டும். அச்செய்தியை அன்று மாலையே வீட்டுக்குத் தாமே அழைத்துச் சொன்னார். முன்னைய ஆண்டில் அவர் மூன்று வாரம் ஒளித்திருந்தவர். பாடத்தில் தேறியதிலும் பார்க்க இதனையே பெரிய தேறுதலாக நாம் எண்ணுகிறோம்.

ஆதலின் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். இன்றிரவு பழக்கம் ஒன்றை, ஒன்றை மாத்திரம், தெரிந்துகொள்ளுங்கள். ஒரு வாரம் அதனை மாற்ற முயலாது எண்ணி மாத்திரம் வாருங்கள். அது எவ்விடத்தில், எவ்வேளையில் நிகழ்கிறது, அதன்பின் உடனே கிடைப்பது யாது என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் அதற்கு எதிரான நற்செயலை, நாணமுறும் அளவுக்குச் சிறிதாக்கி, அதன் பின்னால் உடனே ஓர் இனிமையை வையுங்கள். உண்மையைப் பதியுங்கள். தவறினால் உங்களை நீங்களே ஏசாதீர்கள், ஏற்பாட்டைத் திருத்துங்கள்.

பெரியோர்களிடமும் பணிவான விண்ணப்பம் ஒன்றுண்டு. வீட்டில் உள்ள பிள்ளை பத்து நாள் பிழை செய்து ஒருநாள் சரியாகச் செய்தால், அப்பத்து நாளிலும் உங்கள் குரலை அவன் கேட்கிறான். சரியாகச் செய்த நாளில் வீடு அமைதியாக இருக்கிறது. அந்த ஒருநாளைத் தயவுசெய்து பார்த்துக்கொள்ளுங்கள். பரிசு எதுவும் வேண்டா. செய்த உடனே ஒரு சொல் போதும்.

எமது உரையைப் பொறுமையுடன் செவிமடுத்தீர்கள். அப்பொறுமைக்கு உடனே கூலி தரவேண்டுமென்பது எமது கொள்கையாதலின், இத்துடன் முடித்துக்கொள்கிறோம்.